ஆறு ஆண்டுகளும் ஆறு பந்துகளும்

மாஹிமில் வாழ்வோர் விடியற்காலையில் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. தம் உயரத்தில் முக்கால் பங்கு நீளமுள்ள பையைத் தோளில் சுமந்துகொண்டு, லேடி ஜம்ஷெட்ஜி சாலை வழியே சிவாஜி பார்க்கை நோக்கி நடக்கும் சிறுவர் கூட்டமே அது. ஆறு ஆண்டுகள் அக்கூட்டத்தில் எங்கள் மகனும் ஒருவனாக நடந்தான். கல்லூரி அணியில் அவன் இடம் தேடிச் சென்ற கதையை இங்குச் சொல்லப் புகுகிறோம். இது புலம்பல் அன்று. இதே கனவைச் சுமக்கும் தமிழ்க் குடும்பங்கள் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் பல உள. அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

கனவு காண்பதற்கு எங்களுக்குக் காரணமும் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்னும்படியாக அமைந்திருப்பது மாதுங்கா. அங்குள்ள பொத்தார் கல்லூரியில் பயின்றவர்கள் திலீப் வெங்சர்க்காரும் ரவி சாஸ்திரியும். பிற்காலத்தில், தமிழ்த் தந்தையின் மகனான ஷ்ரேயஸ் ஐயரும் அங்கேதான் பயின்றார். 2015-16 ரஞ்சிப் பருவத்தில் 1,321 ஓட்டங்கள் குவித்து மும்பைக்குக் கோப்பை பெற்றுத் தந்தவர்களில் முதன்மையானவர் அவர். போதாக்குறைக்கு, அஜித் வாடேகர் ஸ்டேட் வங்கியிலும் சுனில் கவாஸ்கர் நிர்லானிலும் பணிபுரிந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. பள்ளி, கல்லூரி, பிறகு ஆட்டத்தின் பெயரால் ஒரு நல்ல உத்தியோகம் என்ற ஏணி எங்கள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. மத்திய அரசு அலுவலகங்களில் விளையாட்டு வீரர்க்கென ஒதுக்கீடு இருப்பதைக் கோப்புகளில் நாள்தோறும் பார்ப்பவர்கள் நாங்கள். ஏணியின் முதற்படி எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்கத் தவறினோம்.

அந்த முதற்படி கல்லூரியில் இல்லை, பள்ளியில் இருக்கிறது. மும்பையில் பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஆடும் ஜைல்ஸ் ஷீல்டும், பதினாறு வயதுக்குட்பட்டோர் ஆடும் ஹாரிஸ் ஷீல்டுமே சிறுவர்களைத் தேர்வாளர் கண்ணில் படச்செய்பவை. வலிமையான பள்ளியின் சிறுவன் ஒரு பருவத்தில் பல ஆட்டங்கள் ஆடுகிறான். எளிய பள்ளியின் சிறுவன் ஓரிரண்டு ஆட்டங்களோடு வீடு திரும்புகிறான். சச்சின் டெண்டுல்கரையே, பயிற்சியாளர் ரமாகாந்த் ஆச்ரேக்கர் பாந்த்ராவிலிருந்த பள்ளியை விட்டுத் தாதரிலுள்ள சாரதாசிரமத்தில் சேரச் சொன்னார் அல்லவா? அதன் பொருள் எங்களுக்குக் காலங்கடந்தே விளங்கியது. எங்கள் மகனின் பள்ளி இரு பருவங்களிலும் முதற்சுற்றிலேயே தோற்றது. அவனிடம் பந்துவீச்சு இருந்தது, சான்றிதழ் இல்லை.

பத்தாம் வகுப்பில் அவன் பெற்றது 68 விழுக்காடு. நாங்கள் விரும்பிய கல்லூரியிலோ பொதுப் பிரிவினர்க்கான எல்லை தொண்ணூறைத் தாண்டி நின்றது. ஆகவே விளையாட்டு வழி ஒன்றே மிஞ்சியது. பெயர் சொல்ல விரும்பாத அக்கல்லூரியின் தேர்வு நாளன்று, வேலிக்கு வெளியே தண்ணீர்ப் புட்டியுடன் நின்றோம். நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள். காலியிடங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. மாநில அணிக்கும் மாவட்ட அணிக்கும் ஆடிய சிலரின் பெயர்கள் முன்னரே தாளில் இருந்தன. மற்ற பந்துவீச்சாளர் ஒவ்வொருவர்க்கும் ஆறு பந்துகள்.

முதல் மூன்றும் சாதாரணமாகச் சென்றன. நான்காவது பந்து வெளியே விழுந்து உள்ளே திரும்பி, மட்டைக்கும் காலுறைக்கும் இடையே புகுந்து நடுக்குச்சியைச் சாய்த்தது. ஆறாண்டு விடியற்காலைகள் அந்த ஒரு பந்தில் வந்து நின்றன. தேர்வாளர் அவ்வேளையில் குனிந்து, யாருடைய சான்றிதழிலோ கையொப்பம் இட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தபோது ஐந்தாவது பந்து அகலப்பந்தாகப் போனது.

அன்றிரவு எங்களுக்குக் கோபம் அடங்கவில்லை. ஆயினும் மறுநாள் அலுவலகத்தில், எதிரே ஒரு முதியவர் தம் விண்ணப்பத்தை நீட்டியபோது, அவர் முகத்தைப் பாராமலே “இணைப்பு இல்லை, நாளைக்கு வாருங்கள்” என்று சொல்ல வாயெடுத்தோம். எடுத்த வாய் அப்படியே நின்றது. இருபதாண்டுப் பணியில் எத்தனை பேருடைய நான்காவது பந்தை நாங்கள் பாராமல் விட்டிருப்போம்! அம்முதியவரை அமரச்செய்து, இணைப்பை நாங்களே தேடி எடுத்தோம். தேர்வாளர்மேல் இருந்த கோபம் அன்றே பாதி கரைந்தது.

இவ்வருமை நம் ஊர்க்கு மட்டும் உரியதன்று. நியூஜெர்சியிலுள்ள எங்கள் மைத்துனர் மகன் ஆடுவது பேஸ்பால். அங்கும் பெற்றோர் கோடை முழுவதும் ஊர் ஊராகப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்கின்றனர். ஆட்டத்தைப் படம்பிடித்துக் கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு அனுப்புகின்றனர். முதற்பிரிவுக் கல்லூரி அணி ஒன்று வழங்கக்கூடிய உதவித்தொகைக்குப் பல ஆண்டுகளாக 11.7 பங்கு என்பதே உச்சவரம்பாக இருந்தது. அதைத்தான் இருபதுக்கும் மேற்பட்டோர்க்குப் பிரித்துக் கொடுத்தனர். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது. கடல் கடந்தாலும் வாசல் குறுகியதே.

வாசலைக் கடந்தவர்க்கும் எல்லாம் எளிதாகிவிடுவதில்லை. 2016 ஜனவரியில், கல்யாணைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகன் பிரணவ் தனவடே, பள்ளி ஆட்டம் ஒன்றில் ஆட்டமிழக்காமல் 1,009 ஓட்டங்கள் எடுத்து உலகையே திரும்பிப் பார்க்கவைத்தார். மும்பைக் கிரிக்கெட் சங்கம் மாதம் பத்தாயிரம் ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. மறு ஆண்டிலேயே ஆட்டம் தளர்ந்தபோது, அத்தொகையை நிறுத்திவிடுமாறு குடும்பத்தாரே எழுதிக் கேட்டுக்கொண்டனர். அந்த நேர்மையை வணங்குகிறோம். அவ்விளம் தோள்கள் சுமந்த பாரத்தை எண்ணி வருந்துகிறோம்.

1988 பிப்ரவரியில் டெண்டுல்கரும் காம்ப்ளியும் 664 ஓட்டங்கள் சேர்த்து ஆடியபோது, அடுத்து ஆட வேண்டிய சிறுவன் காலுறை கட்டியபடியே காத்திருந்தான். அவர்தான் அமோல் மஜும்தார். முதல்தர ஆட்டங்களில் 11,000 ஓட்டங்களுக்கு மேல் எடுத்தும், இந்தியாவுக்காக ஒரு முறையேனும் அவர் அழைக்கப்படவில்லை. 2025 நவம்பர் 2ஆம் நாள் இந்திய மகளிர் அணி உலகக் கோப்பையை வென்றபோது, அவ்வணியின் தலைமைப் பயிற்சியாளராக நின்றவர் அவரே. அன்று வீட்டில் எல்லாரும் ஆரவாரிக்க, எங்கள் மகன் மட்டும் ஒன்றும் பேசாமல் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் இப்போது வேறொரு கல்லூரியில் வணிகவியல் படிக்கிறான். மழைக்காலத்தில் காங்கா லீகின் கீழ்ப்பிரிவில் ஒரு சிறு சங்கத்துக்காகப் பந்து வீசுகிறான். “சேறு போக மாட்டேன் என்கிறதே!” என்று அவன் தாயார் வெள்ளைச் சட்டையைத் துவைத்தபடி அலுத்துக்கொள்கிறார், அலுப்பில் மகிழ்ச்சியும் கலந்திருக்கிறது. “இனியும் ஆடத்தான் வேண்டுமா?” என்று ஒருநாள் கேட்டோம். “அப்பா, வேலைக்காக ஆட வேண்டும் என்று நினைத்தவர் நீங்கள்தான்” என்றான் அவன்.

பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோர்க்கு எங்கள் பட்டறிவு இவ்வளவே: பள்ளியைப் பன்னிரண்டு வயதுக்குள் ஆராய்ந்து தேருங்கள், பாடப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தே அனுப்புங்கள், பையின் பாரத்தோடு உங்கள் ஆசையின் பாரத்தையும் ஏற்றாதீர்கள். தேர்வாளர் குனிந்திருந்தாலும் வேலிக்கு வெளியே நின்று அந்த நான்காவது பந்தைப் பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நாம் இருந்தால் போதும்.