மேற்குச் சுவர்

சுவர் லிண்டல் மட்டத்துக்கு ஏறியதும் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "மேஸ்திரி, இந்த ரூமுக்கு எத்தனை டன் ஏசி போதும்?" வானம் தோண்டும்போதே பேசியிருக்க வேண்டிய விஷயம் இது. எந்தச் சுவர் எந்த வெயிலை வாங்கும், அந்த அறையில் யார் எந்த நேரத்தில் இருப்பார்கள் என்பதை முடிவு செய்துவிட்டால் ஏசியின் வேலையில் பாதி குறைந்துவிடும்.

திருச்சிப் பக்கம் வீடு கட்டுகிறவன் நான். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி சாதாரணம். "சுவர் கனமா இருந்தா வீடு ஜில்லுனு இருக்கும்" என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. செங்கல் சூட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவதில்லை. உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு தாமதமாகக் கொடுக்கிறது. இருபுறமும் பூசிய 9 இஞ்சுச் சுவரில் வெளிமுகத்தில் ஏறிய சூடு உள்முகத்துக்கு வந்து சேர 6 முதல் 8 மணி நேரம் ஆகும். நாலரை இஞ்சுச் சுவர் என்றால் 2, 3 மணி நேரம்தான். மேற்குச் சுவரில் மாலை 4 மணிக்கு வெயில் உச்சத்தில் அடிக்கிறது. அந்தச் சூடு 9 இஞ்சைக் கடந்து உள்ளே வரும்போது இரவு 10, 11 மணி. பாய் விரித்துப் படுக்கும் நேரம்.

செட்டிநாட்டு வீடுகளில் சுவர்கள் எவ்வளவு கனம்! ஆனால் அந்த வீடுகளில் சுவர் தனியாக வேலை செய்யவில்லை. நடுவே திறந்த முற்றம் இருந்தது. பகலெல்லாம் ஏறிய சூடு இரவில் அதன் வழியாக வானத்துக்குப் போனது. மனிதர்களும் முற்றத்திலோ திண்ணையிலோ மொட்டைமாடியிலோ காற்றாடப் படுத்தார்கள். நாம் கனமான சுவரை மட்டும் எடுத்துக்கொண்டு முற்றத்தை விட்டுவிட்டோம், கொசுவுக்கும் திருடனுக்கும் பயந்து ஜன்னலையும் சாத்திவிட்டோம். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் நிலைமை இன்னும் வேறு. அங்கே இரவிலும் அவ்வளவாகக் குளிராது, சுவருக்குச் சூட்டைக் கொட்டி முடிக்க நேரம் கிடைக்காது. அங்கே கனத்தைவிட நிழலும் காற்றோட்டமும்தான் முக்கியம்.

இதில் வாஸ்துவும் சேர்ந்துகொள்கிறது. பெரிய படுக்கையறை தென்மேற்கில், கன்னிமூலையில்தான் வர வேண்டும் என்பார்கள். வீட்டிலேயே அதிகம் காயும் சுவர் இரவில் தூங்கும் அறைக்கு வந்து வாய்க்கிறது. வீட்டுக்காரரின் நம்பிக்கையோடு நான் வாதாடுவதில்லை. அந்த ஒரு சுவரையாவது எலிப்பொறிக் கட்டில் கட்டுவோம் என்பேன்.

லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய கட்டு அது. செங்கல்லைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்த வேண்டும். வெளிமுகத்தில் ஒன்று, உள்முகத்தில் ஒன்று, இரண்டையும் இணைக்கக் குறுக்கே ஒன்று. சுவர் 9 இஞ்சுதான், ஆனால் நடுவில் 3 இஞ்சு வெற்றிடம். செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம், கலவையும் குறையும். அதைவிடப் பெரிய லாபம், அடைபட்ட காற்று சூட்டை எளிதில் கடத்தாது என்பது. குறுக்குக்கல் வழியாகக் கொஞ்சம் சூடு கடக்கத்தான் செய்யும். அப்படியும் வெற்றிடமில்லாத நிறைகட்டுச் சுவரைவிட இது மேல்.

கை சுத்தம் இல்லாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. கலவை வெற்றிடத்துக்குள் விழுந்தால் அதுவே இரண்டு முகங்களுக்கும் பாலமாகிவிடும். அதனால் குழிமேல் ஒரு மரச்சட்டத்தை வைத்துக்கொண்டு கலவை போட்டு, பிறகு சட்டத்தை எடுக்க வேண்டும். செங்கல் அளவு பிசகாமல் இருக்க வேண்டும், கோணிய நாட்டுச் செங்கல் இதற்கு ஆகாது. அடி வரி, ஜன்னல் மட்டம், லிண்டலுக்கு அடி, நிலைப்பக்கங்கள் எல்லாம் நிறைகட்டாக வர வேண்டும். எலெக்ட்ரீஷியனையும் முதலிலேயே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு கட்டர் போட்டுக் குழாய்க்குக் காடி வெட்டினால் விளிம்பில் நிற்கும் கல் உடைந்து போகும். பாயிண்டிங் மட்டும் செய்து பூசாமல் விட்டால் சுவரே அழகு. ஆனால் சம்மதிக்கும் வீட்டுக்காரர்கள் குறைவு.

கருங்கல்லைப் பற்றியும் கேட்பார்கள். அது செங்கல்லைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அஸ்திவாரத்துக்கும் நிழலில் நிற்கும் சுவருக்கும் அது அருமை. வெயில் வாங்கும் மேற்குமுகத்தில் ஒற்றைக் கல்சுவர் வேண்டாம்.

கூரையை மறந்துவிட்டுச் சுவரை மட்டும் பேசுவது தவறு. நம் ஊரில் சூரியன் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நேர் உச்சிக்கே வந்து நிற்கிறது. ஒற்றை மாடி வீட்டில் அதிகச் சூடு இறங்குவது தளத்தின் வழியாகத்தான். அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தளம் போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். சிமெண்டுத் தளத்துக்கு மேல் இன்றும் அதைச் செய்யலாம். தட்டுவதற்குப் பொறுமை உள்ள ஆட்கள்தான் அரிதாகிவிட்டார்கள். அந்த வேலை தெரிந்த கைகள் இருக்கும்போதே நாலு இளம் கைகளாவது அதைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

கட்டி முடித்த வீட்டில் குடியிருப்பவர்களும் வந்து கேட்கிறார்கள். மேற்குச் சுவரின் உள்பக்கம் சூடு தடுக்கும் அட்டை ஒட்டுவதற்கு முன்னால் வெளிப்பக்கத்தைப் பாருங்கள் என்பேன். வெயில் செங்கல்லில் ஏறுவதற்கு முன்பே தடுப்பதுதான் மலிவு. சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிக் கம்பிப்பந்தல் நட்டுக் கொடி ஏற்றலாம், இல்லையென்றால் பங்குனி பிறக்கும் முன் வெளிச்சுவருக்கும் மாடிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடித்துவிடலாம்.