வரப்பில் நிற்பவர்கள்

அயர்லாந்துக்கு வந்த புதிதில் என்னைத் தடுமாற வைத்த சொல் ‘டிட்ச்’. பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அது பள்ளம். இங்கே கில்டேர் கவுண்டியில் அது மேடு. வயலுக்கும் வயலுக்கும் நடுவே மண்ணை அணைத்துக் கட்டி, மேலே முள்மரமும் பிளாக்பெர்ரிக் கொடியும் மண்டிக் கிடக்கும் கரை. பள்ளம் தோண்டினால் அந்த மண் பக்கத்திலேயே மேடாகும் அல்லவா, இவர்கள் பெயரை அந்த மேட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் ஊர் வரப்புதான், இடுப்பளவு உயர்ந்த வரப்பு. அப்படி மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்ட நாளிலிருந்து அந்தச் சொல்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

வரப்பை வைத்து ஐரிஷ் மொழியில் ஒரு பழமொழி உண்டு. வரப்பில் நிற்கிறவன்தான் நல்ல ஹர்லிங் ஆட்டக்காரன் என்பது அதன் பொருள். ஹர்லிங் என்பது மட்டையால் பந்தடிக்கும் இந்த நாட்டு ஆட்டம். மட்டையைத் தொடாமல் வெளியே நின்றுகொண்டு, அப்படி அடித்திருக்கலாம், இப்படித் தடுத்திருக்கலாம் என்று யோசனை சொல்கிறவரைக் குத்திக்காட்டும் பேச்சு. நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். 2020க்குப் பிறகு சொல்வதில்லை. அந்த வருஷம் மனிதர்கள் நிஜமாகவே வரப்பில் ஏறி நின்றதைப் பார்த்தேன். அவர்களில் ஒருவரை அங்கே அனுப்பியவள் நான்.

என் மகள் ஏழு வயதில் எங்கள் ஊர் கிளப்பில் சேர்ந்தாள். கேலிக் கால்பந்தும் கமோகியும் ஆடுவாள். ஹர்லிங்கைப் பெண்கள் ஆடும்போது அதற்குக் கமோகி என்று பெயர். இங்கே கிளப் என்றால் பெரும்பாலும் ஒரு தேவாலயப் பங்கின் எல்லைக்குள் வருகிற ஊர். ஆடுகிறவருக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிறன்று டப்ளினில் குரோக் பார்க் அரங்கில் 82,300 பேர் முன்னால் ஆடியவர் திங்கள் காலையில் பள்ளியில் பாடம் நடத்துவார், அல்லது மாடு பிடித்துக் கட்டுவார். பயிற்சி கொடுப்பவர், புல் வெட்டுபவர், ஜெர்சி துவைப்பவர், தேநீர் போடுபவர் எல்லோரும் ஊர்க்காரர்களே. வாசலில் மகளை இறக்கிவிட்டுக் காரிலேயே காத்திருந்த என்னை ஒருநாள், “குளிரில் ஏன் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாய்? இறங்கி வா, வந்து நில்” என்று கூப்பிட்டார்கள். ஆட்டக்களத்தின் ஓரத்தில் போய் நின்றேன். நாலு வருஷம் அப்படி நின்றதில்தான் எனக்கு இந்த ஊரில் எல்லோரும் பழக்கமானார்கள்.

2020 மார்ச் 12, வியாழக்கிழமை. பிரதமர் லியோ வரட்கர் வாஷிங்டனிலிருந்து பேசினார், பள்ளிகள் மூடின. அன்றே, இந்த கேலிக் ஆட்டங்களை நடத்தும் ஜி.ஏ.ஏ. சங்கமும் எல்லா ஆட்டங்களையும் பயிற்சிகளையும் நிறுத்தியது. முதலில் மாதக் கடைசி வரை என்றார்கள். மார்ச் 27 அன்று, வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. கிளப் வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டினோம். குரோக் பார்க்கில் கார்கள் வரிசையாக நுழைந்தன. உள்ளே ஆட்டம் இல்லை, மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதனை.

பூட்டியது வாசல் மட்டும்தான். கைப்பேசியில் எங்கள் குழு அதுவரை ‘நாளை பயிற்சி 6 மணிக்கு’ என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தது. ஒரே வாரத்தில் அது மருந்துக்கடையும் மளிகைக்கடையுமாகிவிட்டது. எழுபது வயதைக் கடந்தவர்கள் வெளியே வரவே கூடாது என்று அரசு சொல்லியிருந்தது. யார் வீட்டில் தனியாக யார் இருக்கிறார், யாருக்கு என்ன மாத்திரை, யார் வீட்டு நாய் கடிக்கும் என்று கிளப்புக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. இருபது வயசுப் பையன்கள் கிளப் ஜெர்சியோடு போய், பையைத் திண்ணையில் வைத்து, மணியடித்து, பத்தடி தள்ளி நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தார்கள். முதியவர்கள் காத்திருந்தது அந்தப் பேச்சுக்குத்தான்.

ஏப்ரலில், கிளப்பில் பல காலம் கோடு போட்டவர் இறந்தார்.

கோடு போடுவது என்றால், ஆட்டக்களத்தில் வெள்ளைக் கோடு. கேலிக் களம் பெரியது: நீளம் 130 முதல் 145 மீட்டர், அகலம் 80 முதல் 90. அவர் இரண்டு முளைக்குச்சிகளை அடித்து, நடுவே சணல் கயிற்றை இழுத்துக் கட்டுவார். கயிற்றைச் சுண்டிப் பார்ப்பார். அப்புறம் சாய வண்டியைத் தள்ளிக்கொண்டு, கண்ணைக் கயிற்றைவிட்டு எடுக்காமல், அவசரமே இல்லாமல் நடப்பார். புல்லில் ஈரம் இருந்தால் கோடு பரவும் என்று சனிக்கிழமை சாயங்காலம் வரை பொறுத்திருப்பார். ஒரு தடவை என் மகள் ஈரக் கோட்டை மிதித்துவிட்டு, வெள்ளைக் கால்தடம் வைத்துக்கொண்டே களம் முழுக்க ஓடினாள். அவர் திட்டவில்லை. “நாளைக்கு ஆட வருகிறவர்களுக்கு இவள் முன்னாலேயே வழி போட்டு வைத்துவிட்டாள்” என்று சொல்லிவிட்டு, கலைந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டார்.

நல்ல காரியத்துக்கு அழைத்தால்தான் போக வேண்டும், துக்கத்துக்குக் காதில் விழுந்தாலே போக வேண்டும் என்பது நம் பக்க வழக்கம். இங்கேயும் அதே வழக்கம்தான். இறந்தவரை வீட்டில் கிடத்தியிருப்பார்கள். ஊரே வரிசையில் வரும். குடும்பத்தார் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கி, எல்லோரும் சொல்கிற அதே ஒற்றை வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லி நகரும். பிறகு தேநீர், சாண்ட்விச், பழைய ஆட்டக் கதைகள். அந்த ஏப்ரலில் இது ஒன்றும் முடியாது. தேவாலயத்துக்குள் பத்துப் பேர்தான். கை கொடுக்கவும் கூடாது.

முந்தைய நாள் இரவு குழுவில் ஒரு செய்தி வந்தது. பதினொன்றரைக்கு வண்டி கிளம்பும், கல்லறைக்குப் போகும் சாலை இது, அவரவர் வீட்டுக்கு அருகில் ஓரமாக நிற்கலாம், இடைவெளி விடுங்கள். அவ்வளவுதான். நானும் மகளும் கிளப் வாசலுக்குப் பக்கத்தில் நின்றோம். இரண்டிரண்டு மீட்டர் தள்ளி, சாலையின் இரு பக்கமும், கண்ணுக்கெட்டிய வரை கிளப் ஜெர்சி. சிலர் ஹர்லி மட்டையைத் தரையில் ஊன்றிப் பிடித்திருந்தார்கள். யாரோ விடியற்காலையில் வந்து, சாலையோரப் புல்லில், வாசலுக்கு நேர் எதிரே, ஒரு பாக நீளத்துக்கு வெள்ளைக் கோடு போட்டிருந்தார். கயிறு கட்டிப் போட்ட கோடு. நேராக இருந்தது.

வண்டி வந்தது. வாசலில் ஒரு நிமிஷம் நின்றது. யாரும் பேசவில்லை. எங்கோ ஓர் ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. பின்னால் வந்த காரின் கண்ணாடி வழியாக அவர் மனைவி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கை குலுக்குவதற்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது அந்தப் பார்வை. வண்டி மறுபடி நகர்ந்ததும் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். சாலை நெடுக அது அலையாகப் பின்தொடர்ந்து போனது. மகள் என்னிடம், “கைதட்டலாமா அம்மா?” என்று கேட்டாள். தட்டு என்றேன். நானும் தட்டினேன்.

அந்த அடைபட்ட மாதங்களில் இந்தச் சங்கத்தின் பழைய வரலாற்றை உட்கார்ந்து படித்தேன். 1884 நவம்பர் 1 அன்று டிப்பரரியின் தர்ல்ஸ் ஊரில், ஒரு ஹோட்டல் அறையில் தொடங்கிய சங்கம். 1918இல் பிரிட்டிஷ் அரசு, அனுமதிச் சீட்டு இல்லாமல் ஆட்டம் நடத்தக் கூடாது என்றது. சங்கம் சீட்டு வாங்க மறுத்தது. ஆகஸ்ட் 4, ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு நாடெங்கும் ஒரே நேரத்தில் ஊருக்கு ஊர் ஆட்டம் வைத்தார்கள். அத்தனை ஊருக்கும் போலீஸை அனுப்ப எந்த அரசாலும் முடியாது. அதே வருஷம் இன்ஃபுளுவென்சா வந்தது. அந்தப் பருவத்தின் கால்பந்து இறுதி ஆட்டம் 1919 பிப்ரவரிக்குப் போனது. 1941இல் மாடுகளுக்குக் கோமாரி. டிப்பரரி, கில்கென்னி ஹர்லிங் அணிகளை வெளியே விடவில்லை. அவர்களுக்காகக் காத்திருக்காமல் கார்க் அணியை இறுதி ஆட்டத்துக்கு அனுப்பினார்கள். கார்க் டப்ளினை வென்று அகில அயர்லாந்துக் கோப்பையை எடுத்தது. நோய் தணிந்தபின், தள்ளி வைத்திருந்த மன்ஸ்டர் மாகாண இறுதி ஆட்டத்தில் டிப்பரரி அதே கார்க்கைத் தோற்கடித்தது. டிப்பரரிக்காரர்கள் யாரிடமாவது இதைக் கேட்டுப் பாருங்கள். நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள்.

அரசின் சீட்டை வாங்க மறுத்த சங்கம்தான் நோய்க்கு முன்னால் தானே வாசலைப் பூட்டியது. இரண்டும் ஒரே குணம் என்றுதான் எனக்குப் படுகிறது. பக்கத்து வீட்டுக்காரனை விட்டுக்கொடுக்காத குணம்.

ஜூன் கடைசியில் பயிற்சி மறுபடி தொடங்கியது. ஒவ்வொரு கிளப்பிலும் கோவிட் மேற்பார்வையாளர் வேண்டும் என்றார்கள். இணையத்தில் பாடம் படித்து நான் ஒப்புக்கொண்டேன். வருகிற ஒவ்வொருவரும் முன்னதாகவே உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் அனுப்பியிருக்க வேண்டும். வாசலில் பெயரைச் சரிபார்ப்பது என் வேலை. உடை மாற்றும் அறை கிடையாது, கார் கதவுக்குப் பின்னால் மாற்றிக்கொள்ள வேண்டும். தண்ணீர் பாட்டில் அவரவருடையது. பந்தைத் துடைக்க வேண்டும். ஹர்லிங் பந்தான ஸ்லிட்டர் உள்ளங்கைக்குள் அடங்கும். உள்ளே தக்கை, மேலே வெள்ளைத் தோல், தைத்த இடத்தில் விளிம்பு புடைத்து நிற்கும். அந்த விளிம்பின் இடுக்கில்தான் சேறு ஒட்டும். துணியை நகத்தால் அழுத்தி ஒவ்வொரு தையலாகத் துடைப்பேன். ஒரு மாலைக்கு நாற்பது பந்து.

ஆகஸ்ட் 7 அன்று மறுபடி கட்டுப்பாடு. இந்தமுறை கில்டேர், லீஷ், ஆஃபலி மூன்று கவுண்டிகளுக்கு மட்டும். இறைச்சி ஆலைகளில் நோய் பரவியிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் மீத் கவுண்டியில் ஆட்டம் நடக்க, எங்கள் பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்தார்கள். மற்ற இரண்டு கவுண்டிகளையும் ஆகஸ்ட் 21இல் விட்டார்கள். எங்களுக்கு மாதக் கடைசி வரை ஆனது. அதற்குள் நாடு முழுவதும் இன்னொரு விதி வந்துவிட்டது: பார்வையாளர்கள் கூடாது.

செப்டம்பர் முதல் வாரம். பெரியவர்கள் அணிக்கு ஆட்டம். எண்பதை நெருங்கும் ஒருவர் வாசலுக்கு வந்தார். அன்று ஆடியது அவர் பேரன். அறுபதுகளில் அதே களத்தில் ஆடியவர். எங்கள் கிளப்பில் என்னை முதலில் ‘இறங்கி வந்து நில்’ என்று கூப்பிட்டவரும் அவர்தான். என் கையில் பட்டியல். அவர் பெயர் அதில் இல்லை.

“பெரியவரே, உள்ளே விட முடியாது” என்றேன்.

“தெரியும். நீ உன் வேலையைத்தான் செய்கிறாய்” என்றார். திரும்பி நடந்தார். சுற்றிக்கொண்டு பக்கத்து வயலின் வழியாகப் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், களத்தின் தூரத்து மூலையில், வேலிக்கு வெளியே, முள்மரத்தின் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு வரப்பின்மேல் நிற்கிறார். பத்தடி தள்ளி இன்னொருவர். அதற்கப்பால் ஒரு பெண், கைக்குழந்தையோடு. மழை தூறியது. அறுபது நிமிஷமும் நின்றார்கள். யாரும் யோசனை சொல்லவில்லை, கூச்சல் போடவில்லை. பேரன் ஒரு புள்ளி அடித்தபோது அவர் கிளையை விட்டுவிட்டு ஒரு கையை மட்டும் தூக்கினார். பையன் அந்தப் பக்கம் பார்த்துத் தலையசைத்தான்.

அக்டோபர் 5 அன்று எல்லாக் கிளப் ஆட்டங்களையும் சங்கமே நிறுத்திவிட்டது. கோப்பை வென்ற ஊர்களில் கூட்டம் கூடிக் கொண்டாடியதுதான் காரணம். எங்கள் ஊர் அதில் இல்லை, ஆனாலும் அந்த முடிவு சரி. கவுண்டி அணிகள் மட்டும் குளிர்காலத்தில், யாருமில்லாத அரங்குகளில் ஆடின. நவம்பர் 21 அன்று குரோக் பார்க்கில் ‘ரத்த ஞாயிறு’ நூற்றாண்டு நினைவு. 1920இல் அதே நாளில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் பிரிட்டிஷ் படையினர் சுட்டு, டிப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் உட்பட 14 பேர் இறந்தார்கள். ஹில் 16 என்பது அந்த அரங்கில் நாற்காலி இல்லாத மேடை. ஆயிரக்கணக்கானவர்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றே பார்க்கும் இடம். அன்று அங்கே 14 தீப்பந்தங்கள் மட்டும் எரிந்தன. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் வரப்பும் ஏப்ரல் சாலையும் சேர்ந்தே நினைவுக்கு வந்தன. மறுநாள் டிப்பரரி 1935க்குப் பிறகு முதல் முறையாக மன்ஸ்டர் கால்பந்துப் பட்டத்தை வென்றது. அதைக் களத்தோரம் நின்று பார்க்க டிப்பரரி ரசிகர் ஒருவரைக்கூட உள்ளே விடவில்லை.

2021 ஜூலையில் 200 பேர் வரை வெளியரங்கில் அனுமதி வந்தது. முதல் ஆட்டத்துக்கு அரைமணி முன்பாகவே பெரியவர் வாசலுக்கு வந்தார். பெயரும் தொலைபேசி எண்ணும் சொன்னார், எழுதிக்கொண்டேன். நடை கொஞ்சம் தளர்ந்திருந்தது. உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்து வந்து கோட்டுக்குப் பக்கத்தில் அவருக்குப் போட்டேன். வேண்டாம் என்றார். ஆட்டம் முடியும் வரை நின்றுகொண்டே பார்த்தார்.