திருமலை நாயக்கர் மகால்: 1858-ல் எடுத்த படத்தில் மதுரைக்காரர்கள் எங்கே போனார்கள்?

மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். செல்போனைத் தூக்கி, அந்த ராட்சதத் தூண்களைப் படமெடுத்தேன். ஒரே வித்தியாசம், இதே மகாலின் 1858-ம் ஆண்டுப் படமும் என் போனில் இருந்தது.

அதை எடுத்தவர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்திய கம்பெனியின் மதராஸ் ராணுவ அதிகாரி. 1856-ல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. பழைய கட்டடங்கள் அழிவதற்குள் படமாக்க வேண்டும், அதுதான் வேலை. பெரிய கேமரா, காகித நெகட்டிவ்கள் சகிதம் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டியதில், கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளப் படம் கிடைத்தது. அசாத்திய உழைப்புதான்.

ஆனால், அவர் படத்தில் மகால் பாழடைந்து கிடக்கிறது. ஆள் நடமாட்டமே இல்லை. அந்தக் கால கேமராவில் ஒரு காட்சி பதிவாக நேரம் பிடிக்கும். நடப்பவர்கள் படத்தில் விழ மாட்டார்கள். அது தொழில்நுட்பம். ஆனால், லண்டனில் அதைப் பார்த்தவருக்கு என்ன தோன்றியிருக்கும்? கேட்பாரற்றுக் கிடக்கும் ஊர், நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்றுதானே?

மகாலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் விளக்குத்தூண். ஜவுளிக்கடைக் கூட்டத்தில் அதை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. கோட்டை மதிலை இடித்து நகரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. டிரைப் இதையும் படமெடுத்தார். நாயக்கர் அரண்மனை இடிபாடாக, கலெக்டரின் விளக்கு நிமிர்ந்து நிற்க, இரண்டும் ஒரே மதுரைத் தொகுப்பில்!

பிறகு மனிதர்களும் படத்துக்குள் வந்தார்கள். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக அரசு வெளியிட்ட ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’வில், சாதி, இனம் என்று ஆளுக்கொரு லேபிள். பெரும்பாலானோருக்குப் பெயர்கூட இல்லை.

திரும்ப வந்து என் படத்தைப் பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் முற்றம் பெருக்கும் ஒரு அக்கா. அவரை அழித்துவிட்டால் படம் ‘க்ளீனாக’ இருக்கும், போனிலேயே அதற்கு வசதி இருக்கிறது. விரல் அந்தப் பட்டன் வரை போய்விட்டது.

அழிக்கவில்லை. அவரிடமே படத்தைக் காட்டினேன். “தூண் நல்லா வந்திருக்கு தம்பி, நான்தான் ஆடிட்டேன்” என்று சிரித்தார்.

இந்த முறை அவரையே நிற்கச் சொல்லி, இன்னொரு படம் எடுத்தேன்.