காத்திருந்த கலைஞர்

தில்லி சப்தர்ஜங் சாலையில், இந்திரா காந்தி நினைவகத்தின் கண்ணாடிப் பாதையருகே நிற்குந்தோறும் எனக்குப் பீட்டர் உஸ்தினோவ் நினைவுக்கு வருவார். 1921இல் லண்டனில் பிறந்தவர், குணசித்திர நடிப்புக்காக இருமுறை ஆஸ்கார் பெற்றவர், 1951இல் 'நான்கு கர்னல்களின் காதல்' நாடகத்தைப் படைத்தவர், ஆவணப்படங்களும் எடுத்தவர். ஒரே நாற்காலியில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தனாகிய நான், அவருடைய பல வேடங்களைக் கண்டு பொறாமைப்பட்டதுண்டு.

1984 அக்டோபர் 31 காலை, ஆவணப்படப் பேட்டிக்காக அவர் அடுத்த வளாகத்தில் காத்திருந்தார். அவரைக் காண நடந்து வந்த பிரதமர், வழியிலேயே சுடப்பட்டார். அன்று பள்ளியிலிருந்து பாதியில் வீடு திரும்பிய சிறுவன் நான். எத்தனையோ வேடங்கள் புனைந்த அவருக்கும் அக்கணத்தில் எந்த வேடமும் உதவவில்லை. எங்களைப் போலவே திகைத்து நின்ற வெறும் மனிதர் அவர். என் பொறாமை அங்கே கரைந்தது.