பட்டறையில் பிறந்த வேகம்

கோவை ஆவாரம்பாளையம் பக்கம், லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் மோட்டார் காயில் கட்டும் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்து. அதன் கடைசியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு தகரக் கொட்டகை. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த இடம் தெரியும். ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார். விண்டேஜ் கார் அணிவகுப்புகளில் பளபளக்கும் வண்டிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, அவற்றை ஓடும் நிலைக்குக் கொண்டுவருகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கார் உரிமையாளர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே நான்கு பேர். எழுபதை நெருங்கும் மேஸ்திரி, தகட்டு வேலைக்கு ஒரு டிங்கர், மரவேலைக்கு ஓர் ஆசாரி, ஐடிஐ முடித்துவிட்டு வந்து சேர்ந்த ஒரு பையன். பெஞ்சின் மேல் ஆஸ்டின் செவன் எஞ்சின் ஒன்று பிரித்துப் பரப்பப்பட்டிருந்தது. நான்கு சிலிண்டர், 747 சிசி.

இந்தச் சின்ன எஞ்சினுக்குப் பெரிய வரலாறு உண்டு. நடுத்தரக் குடும்பங்களும் கார் வாங்க வேண்டும் என்று இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஆஸ்டின் 1922-இல் கொண்டுவந்த கார் ஆஸ்டின் செவன். 1939 வரை ஏறக்குறைய மூன்று லட்சம் கார்கள் தயாராயின. விலை குறைவு, அமைப்பு எளிது என்பதால் கையில் காசில்லாத இளைஞர்கள் பழைய செவன்களை வாங்கி, மேல்கட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பந்தயத்துக்கு எடுத்துப் போனார்கள். 1930-இல் புரூக்லேண்ட்ஸ் களத்தில் நடந்த 500 மைல் பந்தயத்தில், எஞ்சின் அளவுக்கேற்பச் சலுகை தரும் முறையில், முதலாவதாக வந்தது ஒரு செவன்தான். சராசரி வேகம் மணிக்கு 83 மைல். காலின் சாப்மன் தன் முதல் லோட்டஸை உருவாக்கியது ஒரு பழைய செவனை வைத்து. நியூசிலாந்தில் புரூஸ் மெக்லாரன் பதின்ம வயதில் முதன்முதலாகப் பந்தயம் ஓட்டியதும் செவனில்தான். இன்று உலகம் அறிந்த இரண்டு பந்தயப் பெயர்களுக்கு இந்தச் சிறிய வண்டியே முதல் படி.

அன்று மேஸ்திரி செய்யவிருந்த வேலை, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்குப் பேரிங் ஊற்றுவது. இப்போதைய எஞ்சின்களில் பேரிங் தேய்ந்தால் கடையில் புது ஷெல் வாங்கி மாட்டிவிடலாம். அந்தக் காலத்து ராடில் ஷெல்லே கிடையாது. ராடின் வளையத்துக்குள் ஒயிட் மெட்டலை நேரடியாக ஊற்றி, அதைக் கிராங்குக்குப் பொருந்தக் கடைந்தெடுக்க வேண்டும். இந்த ஒயிட் மெட்டலில் பெரும்பகுதி வெள்ளீயம், அதோடு கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. எண்ணெய் வரத்து நின்றுபோனால் இந்த உலோகம் தான் உருகிக் கிராங்கைக் காப்பாற்றும். விலை கூடிய கிராங்கில் கீறல் விழாது. மறுபடி ஊற்றிக்கொண்டால் போதும்.

பழைய உலோகத்தை முன்பே உருக்கி எடுத்திருந்தார்கள். பையன் ராடின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, துத்தநாகம் கரைத்த அமிலத்தைத் தடவினான். பிறகு வெள்ளீயப் பூச்சு. பூச்சு ஒரே சீராகப் படர்ந்து பளபளக்க வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மேலே ஊற்றும் உலோகம் அந்த இடத்தில் பிடிக்காது. ஒரு மூலையில் பூச்சு மங்கலாக இருந்தது. மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை, விரலால் தொட்டுக் காட்டினார். பையன், “செரிங்ணா” என்று சொல்லி முழுவதையும் திரும்பத் தேய்க்க ஆரம்பித்தான்.

ராடையும் அதன் மூடியையும் நட்டுப் போட்டுச் சேர்த்து, நடுவில் ஓர் உருளையை நிறுத்தினார்கள். கிராங்கின் பின்னைவிடச் சற்றே மெலிந்த உருளை. உலோகம் அதில் ஒட்டிவிடாமல் இருக்க மண்ணெண்ணெய் விளக்கின் புகையைக் காட்டிக் கரியேற்றியிருந்தார்கள். ராடு, உருளை இரண்டையும் சூடாக்கினார்கள். இரும்புச் சட்டியில் ஒயிட் மெட்டல் உருகிக்கொண்டிருந்தது. மேஸ்திரி செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்துச் சுருட்டி, உருகிய உலோகத்தில் விட்டு எடுத்தார். தாள் பழுப்பாகக் கருகியிருந்தது.

“இதுதானுங்க பதம். தாளு நெறம் மாறலீன்னா சூடு பத்தலை. குப்புனு பத்திக்கிச்சுன்னா சூடு அதிகம். ரெண்டுலயும் வேலை கெட்டுப்போகும்” என்றார்.

மேலே படர்ந்திருந்த ஏட்டை ஒதுக்கிவிட்டு, கரண்டியில் மொண்டு, கை நடுங்காமல் ஒரே ஊற்றாக ஊற்றினார். நடுவில் நிறுத்தினால் முதலில் விழுந்தது ஆறிப்போய், அடுத்து விழுவதோடு சேராமல் கோடு விழுந்துவிடும். ஊற்றி முடித்ததும் ஈரத்துணியை அடிப்பக்கத்தில் ஒற்றினார். கீழிருந்து மேலாக இறுகினால்தான் உள்ளே காற்றுக்குழி விழாது. அந்தச் சில நொடிகளில் கொட்டகையில் ஒருவரும் பேசவில்லை.

ஆறிய பிறகு ராடை ஒரு கயிற்றில் தொங்கவிட்டுச் சிறிய சுத்தியலால் தட்டினார். கணீரென்று ஒலி எழுந்தது. “மணியாட்டம் வரோணுமுங்க. சத்தம் அமுங்குச்சுன்னா எங்கியோ பிடிக்கலைன்னு அர்த்தம். மறுபடி உருக்கி ஊத்தோணும்.” இனி இது லேத்துக்குப் போகும். கடைந்து வந்த பிறகு கிராங்கின் பின்னில் நீல மை தடவி, ராடை மாட்டிச் சுற்றிப் பார்ப்பார்கள். மை ஒட்டிய இடம் மேடு. பழைய முக்கோண அரத்தைத் தீட்டிச் செய்த ஸ்கிரேப்பரால் அந்த மேட்டை மட்டும் சுரண்டுவார்கள். திரும்ப மை, திரும்பச் சுரண்டல். உள்பக்கம் எங்கும் மை சீராகப் படும்வரை இது நடக்கும். பின்னின் விட்டத்தில் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி, அதாவது எண்ணெய்ப் படலம் நிற்பதற்கு மட்டும் இடம். அளவுக் கருவியெல்லாம் பெட்டியில் இருக்கிறது. ஆனால் மேஸ்திரி கடைசியாக நம்புவது ராடைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்ப்பதைத்தான்.

இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆரம்ப கால மோட்டார் பந்தயங்களைப் பற்றிப் படித்ததெல்லாம் எனக்குப் புதிதாகப் புரிந்தது. 1895-இல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் எமில் லெவாஸோர் 1,178 கிலோமீட்டரை ஏறக்குறைய 49 மணி நேரத்தில் முடித்தார். பெரும்பாலான தூரம் கார் ஓட்டியதும் அவரே. அவருடைய பனார் காரில் இரண்டு இருக்கைகள்தான் என்பதால் முதல் பரிசு வேறு காருக்குப் போனது. அந்தக் காலத்தில் பந்தயம் என்றால் யார் வேகமாகப் போகிறார் என்பதைவிட, யாருடைய வண்டி நிற்காமல் போகிறது, நின்றால் யார் சீக்கிரம் கிளப்புகிறார் என்பதுதான் கேள்வி.

அதனால்தான் பந்தயக் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்தார். எரிபொருள் தொட்டியில் அழுத்தம் குறையாமல் கையால் பம்ப் அடிப்பது, எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்ப்பது, டயரைக் கண்காணிப்பது, பின்னால் வரும் வண்டியைப் பற்றிச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. ஆபத்து இருவருக்கும் ஒன்றே. 1903-இல் பாரிஸிலிருந்து மாட்ரிட் நோக்கிக் கிளம்பிய பந்தயத்தில் மார்செல் ரெனோ இறந்தார். வேறு ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் பார்வையாளர்களும் மாண்டார்கள். பந்தயம் போர்தோவிலேயே நிறுத்தப்பட்டது. மார்செலின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. மெக்கானிக்குகளின் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தப் பெயர் தெரியாத வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். ஹங்கேரியில் பிறந்து ரெனோ தொழிற்சாலையில் வேலை செய்த ஃபெரென்ஸ் சிஸ். மார்செலின் தம்பி லூயி ரெனோவின் காரில் பக்கத்து இருக்கை மெக்கானிக்காகப் போய்வந்தவர். 1906 ஜூனில் லெ மான் நகரை ஒட்டிய சாலைகளில் முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ நடந்தது. இரண்டு நாள், 1,238 கிலோமீட்டர். வெயிலில் சாலையின் தார் இளகித் தெறித்தது. வண்டி பழுதானால் ஓட்டுநரும் மெக்கானிக்கும் மட்டுமே கைவைக்கலாம் என்பது விதி. மற்றவர்களில் பலர் கத்தியால் டயரைக் கிழித்தெடுத்துப் புதுசு மாட்டிக்கொண்டிருந்தபோது, சிஸ் ஓட்டிய ரெனோவில் மிஷ்லினின் கழற்றி மாட்டும் ரிம் இருந்தது. காற்றடைத்த டயரோடு தயாராக இருந்த ரிம்மை இரண்டு நிமிடங்களுக்குள் மாட்டிவிட்டுக் கிளம்பினார்கள். 32 கார்கள் புறப்பட்டு 11 மட்டுமே கடைசிவரை வந்த பந்தயத்தில் சிஸ் முதலாவதாக வந்தார். உலகின் முதல் கிராண்ட் பிரீயை வென்றவர் ஒரு பட்டறைத் தொழிலாளி என்பதை ஒவ்வொரு ஐடிஐ மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோவை பந்தயத்துக்குப் பெயர் பெற்றதற்கும் காரணம் இப்படிப்பட்ட பட்டறைத் தொழிலாளர்கள்தான். பஞ்சாலைகளும் மோட்டார் பம்புத் தொழிலும் வளர்த்த வார்ப்படச் சாலைகளும் லேத்துகளும் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு முதற்கொண்டு, இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் இந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. சென்னை சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் இங்கிருந்து வண்டிகளும் ஆட்களும் போனார்கள். மேஸ்திரியும் பதினாறு வயதில் கைவேலைப் பையனாகப் போனவர்.

“ராத்திரி பூராம் ஹெட்டைக் கழட்டி வேலை பாப்போமுங்க. வெளிச்சத்துக்குப் பெட்ரோமாக்ஸ் லைட்டு. காலையில வண்டி ஓடுறப்ப எங்களுக்குத் தூக்கம் போன எடம் தெரியாது” என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது.

சோழவரத்தில் பேர் எடுத்த கோவைக்காரர் கரிவர்தன். மாருதி 800-இன் எஞ்சினை வைத்து அவர் வடிவமைத்த ஃபார்முலா மாருதி காரால்தான் நம் இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கிடைத்தது. 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயக் களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவை நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். இந்தப் படிகள் ஒவ்வொன்றின் பின்னாலும் இரவெல்லாம் விழித்து வேலை செய்த பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள்.

கொட்டகையின் இன்னொரு மூலையில் டிங்கர் ஒரு மட்கார்டை மணல் மூட்டையின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டிருந்தார். நெளிசலை எடுப்பதைவிடப் பட்டி பூசி மறைப்பது எளிது. அவர் அதைத் தொடுவதில்லை. தகட்டைத் தட்டித் தட்டியே பழைய வளைவுக்குக் கொண்டுவருகிறார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைத் தகட்டின் மேல் ஓடவிட்டு, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்கிறார். பக்கத்தில் ஆசாரி கதவின் உள்சட்டத்துக்குத் தேக்கு இழைத்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் அதை ஆஷ் மரத்தில் செய்தார்கள். நம் வெயிலுக்கும் மழைக்கும் தேக்குதான் தாங்கும் என்பது அவர் முடிவு. பழைய சட்டத்தின் உளுத்த துண்டுகளையும் எறியாமல், அளவு எடுக்க வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

பழைய கார் பிரியர்களுக்கு இந்த நுணுக்கங்கள் உயிர். 1905-க்கு முந்தையவை வெட்டரன், 1919 முதல் 1930 வரை விண்டேஜ் என்று காலக்கணக்கு உண்டு. என்னை அழைத்துப் போனவர் தன் 1926-ஆம் ஆண்டுக் காரின் ரேடியேட்டருக்கு நிக்கல் பூச்சுதான் போட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். குரோமியம் முலாம் கார்களுக்குப் பரவலாக வந்தது அதற்குப் பிறகு. பளபளப்புக்காகக் காலத்தைப் பொய்யாக்கக் கூடாது என்கிறார். அவர் சொல்வதே சரி. ஒன்றிய அரசும் 2021-இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் இருக்கும் வண்டிகளைச் சட்டக் கணக்கில் விண்டேஜ் என ஏற்று, ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் தருகிறது.

வண்டிக்குப் பதிவு எண் கிடைத்துவிட்டது. அதை ஓட வைத்த கைகளுக்கு ஒரு பதிவும் இல்லை. ஒயிட் மெட்டல் ஊற்றத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்கிறார் மேஸ்திரி. அவரிடம் கற்ற இரண்டு பேர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். மாதச் சம்பளம், பி.எஃப். இருக்கும் இடத்துக்குப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. இப்போதிருக்கும் பையன் தங்குவானா என்பது, இந்த வேலையில் அவனுக்கு ஒரு குடும்பம் நடத்தும் அளவுக்கு வருமானம் வருமா என்பதைப் பொறுத்தது. கார் வாங்க லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள் கைக்கூலிக்கு மட்டும் பேரம் பேசுவதை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்று காரியங்கள் உடனே செய்யக்கூடியவை. அணிவகுப்பில் காரின் முன் வைக்கும் அட்டையில் உரிமையாளர் பெயருக்குக் கீழே மேஸ்திரி, டிங்கர், ஆசாரி பெயர்களையும் எழுதுங்கள். போட்டி நடத்துபவர்கள் சிறந்த காருக்குத் தருவது போலச் சிறந்த கைவேலைக்கும் பணத்தோடு ஒரு பரிசு வையுங்கள். ஐடிஐக்களும் பாலிடெக்னிக்குகளும் மாணவர்களைச் சில வாரம் இப்படிப்பட்ட பட்டறைகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பி, இந்த மூத்தவர்கள் வேலை செய்வதைப் படம் பிடித்துப் பாதுகாக்கட்டும். அடுத்த முறை ஒரு பழைய காரின் அருகில் நின்று படம் எடுக்கும்போது, இதை ஓட வைத்தவர் யார் என்று கேளுங்கள். சொல்லும் பெயரை மறக்காமல் படத்தின் கீழே எழுதுங்கள்.