செல்லும் வாக்கு

‘செல்வாக்கு’ வினைத்தொகை. சென்ற வாக்கு, செல்கின்ற வாக்கு, செல்லும் வாக்கு என்று மூன்று காலத்துக்கும் விரியும். யாருடைய பேச்சு நாலு பேரிடம் எடுபடுகிறதோ அவருக்குச் செல்வாக்கு இருக்கிறது என்கிறோம். இதற்கு எதிர்ச்சொல் என்ன என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. வாக்கு எண்ணும் மேசையில் அது ஒரு தனிக் கட்டாகவே இருக்கும்: செல்லாத வாக்கு.

தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களுக்கான ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் நடந்தது. 2020 ஜனவரி 2 அன்று எண்ணிக்கை. எண்ணும் பணிக்கு அழைக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஊராட்சிகளில் இயந்திரம் கிடையாது, சீட்டுதான். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பெட்டியைக் கவிழ்த்து, நிறம் பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, பிறகு ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் மேசைக்கு வந்தது, தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஓர் ஊர். போட்டியிட்ட மூவரும் பெண்கள். எதிரே முகவர்களாக நின்றவர்களோ அவர்களுடைய கணவர்களும் கொழுந்தனும். “எனக்கு இதுவரைக்கும் எத்தனை?” என்றுதான் அந்தக் கணவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் அதைத் திருத்தவில்லை.

எந்தச் சீட்டைத் தள்ள வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கான 1961ஆம் ஆண்டு விதிகளில் 56ஆவது விதி அதைச் சொல்கிறது. ஊராட்சித் தேர்தலிலும் சாரம் அதுதான். வாக்காளர் யாரென்று அடையாளம் காட்டும் குறியோ எழுத்தோ இருந்தால் செல்லாது. முத்திரையே இல்லாவிட்டால் செல்லாது. கொடுக்கப்பட்ட முத்திரையால் அல்லாமல் வேறெதனாலாவது குறியிட்டிருந்தால் செல்லாது. இருவருக்கு வாக்களித்திருந்தால் செல்லாது. யாருக்கு என்று தெளிவாகாத இடத்தில் குத்தியிருந்தால் செல்லாது.

இவ்வளவு ‘செல்லாது’களுக்குப் பிறகு அதே விதி சற்று இறங்கி வருகிறது. முத்திரை மங்கலாக விழுந்திருக்கிறது என்பதற்காக மட்டும் தள்ளக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை குத்தியிருக்கிறது என்பதற்காக மட்டும் தள்ளக் கூடாது. இன்னாருக்குத்தான் என்ற எண்ணம் சீட்டில் தெளிவாகத் தெரிந்தால் அது செல்லும். வாக்குச்சாவடி அலுவலர் கையெழுத்துப் போட மறந்திருந்தால், அந்தத் தவறு அவருடையது என்று தெரிந்தால், அதற்காகவும் தள்ளக் கூடாது. தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் முகவர்களுக்குக் காட்ட வேண்டும். அவர்கள் பார்க்கலாம், தொடக் கூடாது. காரணத்தையும் சீட்டிலேயே குறிக்க வேண்டும்.

பிற்பகலில் ஓர் இளஞ்சிவப்புச் சீட்டில் இரண்டு சின்னங்களின் மேல் முத்திரை இருந்தது. “ரெண்டு குத்து! செல்லாது!” என்றார் ஒரு கணவர். முத்திரையின் அம்பு முனைகள் சுழலும் திசையைப் பாருங்கள், ஒன்று மற்றதன் மறுபதிவு என்று சொன்னேன். “மேடம், இது காலேஜ் இல்ல, பாடம் நடத்த” என்றார். தேர்தல் நடத்தும் அலுவலர் வந்து பார்த்தார். ஒன்று அழுத்தமாக இருந்தது. இன்னொன்று வெளிறி, அம்புகள் எதிர்த்திசையில் திரும்பியிருந்தன. மை காயும் முன் குறுக்கே மடித்திருக்கிறார்கள். “செல்லும்” என்றார் அலுவலர். நான் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். இம்முறை வாக்குவாதம் இல்லை.

அந்த ஒரு சீட்டால் முடிவு மாறிவிடவில்லை. ஆனால் யாரோ ஒருத்தியோ ஒருவனோ நினைத்தது நினைத்தபடி போய்ச் சேர்ந்தது.

அடையாளம் இருந்தால் செல்லாது என்பது தொடக்கத்தில் எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. பெண் தன் பெயரில் எழுத வேண்டும், தன் குரலில் பேச வேண்டும் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறவள் நான். அந்த உறுத்தலைப் போக்கியவர் எங்கள் பேருந்து நிறுத்தத்தில் பூ விற்கும் பெண். எண்ணும் பணிக்குப் போனேன் என்றதும் சொன்னார்: “எங்க வீட்டுக்காரரு, விரல்ல வைக்கிற மை காயறதுக்குள்ள சீட்டு மூலையில ஒத்திட்டு வான்னாரு டீச்சரம்மா. எண்ணுற எடத்துல அவரு ஆளு பார்த்துச் சொல்லுவானாம்.”

“ஒத்துனீங்களா?”

“ஒத்துனேன்னு சொல்லிட்டேன்.” முழத்தை அளந்துகொண்டே சிரித்தார்.

விதி யாருக்காக எழுதப்பட்டது என்று அப்போதுதான் புரிந்தது. வாக்கை விலைக்கு வாங்குகிறவனுக்கும், மிரட்டிப் பறிக்கிறவனுக்கும், வீட்டுக்குள் கட்டளையிடுகிறவனுக்கும் ரசீது கிடைக்கக் கூடாது. அந்த அட்டை மறைப்புக்குள் நிற்கும் ஒரு நிமிடம் அவர் யாருடைய மனைவியும் அல்ல. வெளியே வந்து எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். நிரூபிக்க வழியில்லை என்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

ஆனால் அந்த மறைப்பு வரை வந்து சேர, பெயர் வேண்டும். முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது வட இந்தியாவில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்திருந்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் கிடைக்காத ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாக்கு இல்லை. சீட்டில் பெயர் இருந்தால் வாக்கு செல்லாது. எங்கே பெயரைச் சொல்ல வேண்டும், எங்கே மறைக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை பெண்ணிடம் இருந்ததா என்பதே கேள்வி.

அன்று இரவு பார்த்த இன்னும் சில சீட்டுகளை மறக்க முடியவில்லை. சின்னத்தின் மேல் நேராக, ஐயத்துக்கு இடமில்லாமல் பதிந்திருந்தது கட்டைவிரல் ரேகை. வாக்குச்சாவடியில் சீட்டு வாங்கும்போது, கையெழுத்துத் தெரியாதவர்களிடம் ரேகை வாங்குகிறார்கள். அதே விரலை உள்ளேயும் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். எண்ணம் கண்ணாடிபோல் தெரிகிறது. ஆனால் முத்திரையால் இட்ட குறி அல்ல. போதாக்குறைக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். அலுவலர் காரணம் குறித்தார். சீட்டுகள் செல்லாதவற்றோடு போய்ச் சேர்ந்தன. ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆனால் நம் ஊர்களில் கையெழுத்துப் போடத் தெரியாமல் விடப்பட்டவர்களில் யார் அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும்.

விதியைக் குறை சொல்லவில்லை. ரேகையை அனுமதித்தால் பூக்கார அம்மாவின் வீட்டுக்காரருக்கு ரசீது கிடைத்துவிடும். ஆனால் அலுவலர் மறந்தால் மன்னிக்கிற விதியில், ஒருத்தியைப் பள்ளிக்கு அனுப்ப மறந்த ஊரின் தவறுக்கு இடம் இல்லை. அந்தத் தவறுக்கான தண்டனையை அவளேதான் கட்டுகிறாள்.

இத்தனைக்கும் பிறகு, அந்த மேசையில் இருந்த நியாயத்தில் பாதிகூட மற்ற இடங்களில் இல்லை. நான் உட்கார்ந்திருந்த ஒரு விசாரணைக் குழுவுக்கு மாணவி ஒருத்தியின் புகார் வந்தது. ஆசிரியர் ஒருவரைப் பற்றி மூன்று முறை சொல்லியிருந்தாள்: தோழியிடம் ஒரு விதமாக, துறைத் தலைவரிடம் தயங்கித் தயங்கி, எழுத்தில் இன்னொரு விதமாக. தேதி ஒரு நாள் முன்பின் இருந்தது. “முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது” என்று ஒரு வாய்ச்சொல்லில் முடித்தார்கள். என் மறுப்பைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்றேன். எழுதினார்கள். அவர்கள் தள்ளியதற்கான காரணம் மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

மங்கலாக இருக்கிறது என்பதற்காகத் தள்ளாதே. பலமுறை குத்தியிருக்கிறது என்பதற்காகத் தள்ளாதே. உன் தவறை அவள்மேல் போடாதே. தள்ளுவதென்றால் எல்லோரும் பார்க்கக் காட்டிவிட்டு, காரணத்தை எழுதிவிட்டுத் தள்ளு. ஒரு துண்டுக் காகிதத்துக்கு இந்த நாடு தருகிற மரியாதை இது. அவ்வளவையும் ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லுக்கும் தரச் சொல்கிறேன்.