டிரையர் குழாய்

ஐப்பசி அடைமழை. கணியம்பாடியில திண்ணைக் கொடியில போட்ட துணி ரெண்டு நாளாகியும் காயல. பெங்களூர்ல அக்கா மகளுக்கு அந்தக் கவலையில்ல, டிரையர் இருக்கு. ஆனா குழாயை ரூமுக்குள்ளேயே விட்டிருக்கா. "குளிருக்கு இதமா இருக்கு மாமா"ன்றா. சுவரெல்லாம் பூஞ்சணம். கைக்குழந்தை படுக்கிறதும் அங்கதான்.

அதைவிட பயம் பஞ்சுத்தூசு. பஞ்சு மூட்டை பக்கத்துல எவனாவது பீடி பத்தவைப்பானா? அமெரிக்காவில 2008-2010ல வருஷத்துக்குச் சுமார் 2,900 வீடுகள்ல டிரையரால தீ. சுத்தம் பண்ணாததுதான் முதல் காரணம்னு அவங்க தீயணைப்பு நிர்வாகத்தோட கணக்கு.

தூசு வலையை ஒவ்வொரு தடவையும் வழிக்கணும். பிளாஸ்டிக் வேணாம், தகரக் குழாய். வளைவு குறைச்சலா, நேரா வெளியே போகணும். குருவி நுழையாம வாயில மூடி போடுங்க. கொசுவலை மட்டும் கட்டாதீங்க, தூசு அடைச்சிக்கும்.

சுவத்துல ஓட்டை போட வீட்டு ஓனர் ஒத்துக்கல. ஜன்னல் கண்ணாடி ஒண்ணை எடுத்துட்டுத் தகடு வைக்க மாப்பிள்ளை அளவெடுக்கிறார். அதுவரைக்கும் ஃபேனுக்குக் கீழ காயட்டும்னு சொல்லிட்டு பஸ் ஏறினேன்.